ஸ்மார்ட்வாட்ச் போனோடு இணையவில்லையா? ரீசெட் பட்டனைத் தொடும் முன் பார்க்க வேண்டியவை

வாட்ச் போனோடு சேரவில்லை என்றதும் பெரும்பாலானோர் முதலில் செய்வது வாட்ச்சை ஃபேக்டரி ரீசெட் செய்வதுதான். பல நேரம் சிக்கல் பெரிதாவதும் அங்கேதான். ரீசெட் ஆன வாட்ச் போனை மறந்துவிடும், போன் வாட்ச்சை மறக்காது. அதற்குப் பிறகு இரண்டும் ஒன்றையொன்று அடையாளம் காண முடியாமல் நிற்கும். ரீசெட் கடைசி ஆயுதம். அதற்கு முன், இணைப்பு எந்த இடத்தில் அறுந்திருக்கிறது என்று கண்டுபிடித்தால் பாதி வேலை முடிந்தது.

வாட்ச்சுக்கும் போனுக்கும் நடுவே மூன்று அடுக்குகள் உண்டு. முதலாவது ரேடியோ: புளூடூத் சிக்னல் போய்ச் சேர்கிறதா என்பது. இரண்டாவது சாவி: முதல்முறை இணையும்போது இரண்டு கருவிகளும் ரகசியச் சாவிகளைப் பரிமாறித் தங்களுக்குள் சேமித்துக்கொள்ளும், அடுத்த முறை அதை வைத்தே ஒன்றையொன்று நம்பும். மூன்றாவது செயலி: வாட்ச் நிறுவனத்தின் ஆப், அதற்குப் போன் கொடுத்திருக்கும் அனுமதிகள், சில பிராண்டுகளில் ஆன்லைன் கணக்கு.

அறிகுறியை வைத்தே அடுக்கை ஓரளவு ஊகித்துவிடலாம்.

- தேடும் பட்டியலில் வாட்ச்சின் பெயரே வரவில்லை: வேறொரு போன் வாட்ச்சைப் பிடித்து வைத்திருக்கலாம், அல்லது செயலிக்குத் தேட அனுமதி இல்லை.
- பெயர் வருகிறது, தொட்டதும் சுற்றிக்கொண்டே இருந்து தோற்கிறது: பழைய சாவி, அல்லது கணக்குச் சிக்கல்.
- இணைகிறது, கொஞ்ச நேரத்தில் அறுகிறது: போனின் பேட்டரி சேமிப்பு.
- இணைப்பு இருக்கிறது, வாட்ஸ்அப் மெசேஜ் மட்டும் வரவில்லை: நோட்டிஃபிகேஷன் அனுமதி.
- மெசேஜ் வருகிறது, கால் பேச முடியவில்லை: இரண்டாவது புளூடூத் இணைப்பு போடப்படவில்லை.

உங்கள் சிக்கல் எதுவென்று தெரிந்தால் நேராக அந்தப் பகுதிக்குப் போகலாம். புது வாட்ச், முதல்முறை இணைக்கிறீர்கள் என்றால் வரிசையாகவே வாருங்கள்.

இந்த இரண்டும் சேருமா?

ஆப்பிள் வாட்ச் ஐபோனோடு மட்டுமே இணையும். ஆண்ட்ராய்டு போனோடு இணைக்க எந்தக் குறுக்கு வழியும் கிடையாது. மறுபக்கம், 2021இல் வந்த கேலக்ஸி வாட்ச் 4 தொடங்கி அதற்குப் பின் வந்த சாம்சங் கேலக்ஸி வாட்ச்களும், கூகுளின் பிக்சல் வாட்ச்களும் ஐபோனோடு சேராது. கேலக்ஸி வாட்ச் 7க்கு ஆண்ட்ராய்டு 11 அல்லது அதற்கு மேல் வேண்டும்.

ஆப்பிளில் கவனிக்க வேண்டிய இன்னொன்று உண்டு. வாட்ச்சில் இருக்கும் வாட்ச்ஓஎஸ், போனின் ஐஓஎஸ்ஸை விடப் புதியதாக இருந்தால் இணைப்பு நடக்காது, ஐபோனை அப்டேட் செய்யச் சொல்லும். வாட்ச்ஓஎஸ் 11 போட்ட வாட்ச்சுக்கு ஐஓஎஸ் 18 ஓடும் ஐபோன் எக்ஸ்எஸ் அல்லது அதற்குப் பின் வந்தது வேண்டும். வாட்ச்ஓஎஸ் 26க்கு ஐபோன் 11 அல்லது அதற்குப் பின் வந்தது வேண்டும். ஐபோன் எக்ஸ் ஐஓஎஸ் 16ஓடு நின்றுவிட்டது. அதை வைத்துக்கொண்டு வாட்ச்ஓஎஸ் 11 உள்ள பழைய வாட்ச்சை வாங்கினால் வீண்தான். வாட்ச்சின் மென்பொருளைப் பழைய பதிப்புக்கு இறக்க பயனருக்கு வழி இல்லை.

நாய்ஸ், போட், ஃபயர்போல்ட் போன்ற குறைந்த விலை வாட்ச்கள் இரண்டு வகைப் போனோடும் சேரும். அங்கே தவறு நேர்வது வேறு இடத்தில்: ஒரே பிராண்டிலேயே மாடலுக்கு மாடல் செயலி மாறும். ஒன்றுக்கு டாஃபிட், இன்னொன்றுக்கு நிறுவனத்தின் சொந்தச் செயலி. தவறான செயலியில் வாட்ச்சின் பெயர் தெரியவே தெரியாது, தெரிந்தாலும் சேராது. பெட்டியோடு வந்த தாளில் உள்ள செயலியின் பெயரைப் பார்த்து, பிளே ஸ்டோரிலோ ஆப் ஸ்டோரிலோ தேடிப் போடுங்கள். வாட்ச் திரையில் வரும் கியூஆர் கோடு ஸ்டோருக்குப் போகாமல் நேரடியாக ஏபிகே கோப்பை (ஸ்டோர் இல்லாமலே ஆண்ட்ராய்டு செயலியை நிறுவும் கோப்பு) இறக்கச் சொன்னால் கொஞ்சம் நில்லுங்கள். பாதுகாப்பு ஒருபுறம் இருக்க, அப்படிப் போட்ட செயலிக்கு ஆண்ட்ராய்டு 13 முதல் நோட்டிஃபிகேஷன் அனுமதி எளிதில் கிடைக்காது. அதைப் பின்னால் பார்ப்போம்.

முதலில் செய்ய வேண்டிய எளிய வேலைகள்

1. வாட்ச்சைக் குறைந்தது 50 சதவீதம் சார்ஜ் ஏற்றுங்கள். சார்ஜ் மிகக் குறைந்தால் பல வாட்ச்கள் மின்சேமிப்புக்குப் போய் புளூடூத்தை அணைத்துவிடும், மணி மட்டும் காட்டிக்கொண்டிருக்கும்.
2. வாட்ச்சிலும் போனிலும் ஏர்பிளேன் மோடு, பவர் சேவிங் மோடு இரண்டும் அணைந்திருக்கிறதா பாருங்கள். இரண்டையும் ஒரு மீட்டருக்குள் வையுங்கள்.
3. இந்த வாட்ச் முன்பு சேர்ந்திருந்த எல்லாக் கருவிகளிலும் புளூடூத்தை அணையுங்கள். பழைய போன், டேப்லெட், வீட்டில் இன்னொருவர் போன் எல்லாமே.
4. போனை ரீஸ்டார்ட் செய்யுங்கள். வாட்ச்சையும் அப்படியே.

மூன்றாவதை யாரும் செய்வதில்லை, ஆனால் ‘வாட்ச்சே தெரியவில்லை’ என்ற புகாருக்கு அடிக்கடி கிடைக்கும் விடை அதுதான். இணையக் காத்திருக்கும் வாட்ச் ‘நான் இங்கே இருக்கிறேன்’ என்று சிறு சிறு சிக்னல்களாக அறிவித்துக்கொண்டே இருக்கும். ஒரு போன் அதைப் பிடித்துவிட்டால் பெரும்பாலான வாட்ச்கள் அந்த அறிவிப்பை நிறுத்திவிடும். அதன் பிறகு புதுப் போன் எத்தனை முறை தேடினாலும் பட்டியல் காலியாகத்தான் இருக்கும். அலமாரியில் கிடக்கும் பழைய போன் இன்னும் உயிரோடு இருந்தாலே போதும்.

ஐபோனில் ஒரு குறிப்பு: கன்ட்ரோல் சென்டரில் இருக்கும் புளூடூத் பட்டன் புளூடூத்தை முழுதாக அணைப்பதில்லை, அப்போதைக்குத் துண்டிக்க மட்டுமே செய்யும். முழுதாக அணைக்க செட்டிங்ஸ் உள்ளே போய் புளூடூத் ஸ்விட்சைத் தள்ள வேண்டும்.

புளூடூத் பட்டியலிலிருந்து இணைக்காதீர்கள்

இயர்பட்ஸ் பழக்கத்தில் பலர் போனின் புளூடூத் செட்டிங்ஸுக்குப் போய், அங்கே தெரியும் வாட்ச்சின் பெயரைத் தொட்டு இணைத்துவிடுகிறார்கள். ‘கனெக்டட்’ என்று காட்டும், ஆனால் செயலியில் ஒன்றும் வராது. வாட்ச்சின் தகவல் பரிமாற்றம் நடப்பது புளூடூத் லோ எனர்ஜி என்ற தனி முறையில், அதைத் தொடங்க வேண்டியது செயலி. முந்திக்கொண்டு நீங்கள் இணைத்துவிட்டால் செயலி தேடும்போது வாட்ச் அறிவிப்பை நிறுத்தியிருக்கும்.

சரியான வரிசை இது. போனில் புளூடூத் இயங்கட்டும், பட்டியலில் வாட்ச்சின் பெயர் இருந்தால் ‘ஃபர்கெட்’ கொடுத்து நீக்குங்கள். செயலியைத் திறந்து, அது கேட்கும் அனுமதிகளை எல்லாம் கொடுத்து, ‘ஆட் டிவைஸ்’ வழியாகத் தேடுங்கள். ஒரே மாடல் இரண்டு அருகில் இருந்தால், வாட்ச்சின் செட்டிங்ஸில் ‘அபவுட்’ பகுதியில் உள்ள மேக் முகவரியின் (ஒவ்வொரு கருவிக்கும் உரிய அடையாளக் குறியீடு) கடைசி நான்கு எழுத்துகளைப் பட்டியலோடு ஒப்பிட்டுப் பாருங்கள். வாட்ச் திரையில் உறுதி செய்யக் கேட்டால் உடனே டிக் கொடுங்கள். தாமதித்தால் போன் காத்திருந்து கைவிட்டுவிடும்.

ஆப்பிள் வாட்ச்சில் கேமராவை வைத்துத் திரையில் சுழலும் உருவத்தைப் பிடிக்க முடியாவிட்டால், ஐபோனில் கைமுறை இணைப்பைத் தேர்ந்து, வாட்ச்சில் ‘ஐ’ குறியைத் தொடுங்கள். வாட்ச்சின் பெயரும் அதன்பின் 6 இலக்கக் குறியீடும் வரும். கேமரா கண்ணாடி கீறியிருந்தால் இதுவே நல்ல வழி.

ஆண்ட்ராய்டு: எந்தப் பதிப்பில் எந்த அனுமதி

ஆண்ட்ராய்டு 6 முதல் 11 வரை, புளூடூத் கருவிகளைத் தேடச் செயலிக்கு லொகேஷன் அனுமதி வேண்டும். அனுமதி மட்டும் போதாது, மேலிருந்து இழுக்கும் பட்டியலில் உள்ள லொகேஷன் ஸ்விட்சும் எரிய வேண்டும். வாட்ச்சுக்கும் ஜிபிஎஸ்ஸுக்கும் என்ன உறவு என்று தோன்றும். அருகில் என்னென்ன புளூடூத் கருவிகள் இருக்கின்றன என்பதை வைத்தே ஒருவர் இருக்கும் இடத்தை ஊகிக்க முடியும் என்பதால் கூகுள் வைத்த கட்டுப்பாடு அது.

2021இல் வந்த ஆண்ட்ராய்டு 12 இதைப் பிரித்து, ‘நியர்பை டிவைசஸ்’ என்ற தனி அனுமதியைக் கொண்டுவந்தது. தமிழ் மெனுவில் ‘அருகிலுள்ள சாதனங்கள்’ என்று இருக்கும். இதை ஒருமுறை மறுத்துவிட்டால் செயலியால் தேடவும் முடியாது, சேர்ந்த வாட்ச்சோடு பேசவும் முடியாது. பழைய முறையில் எழுதப்பட்ட செயலிகள் புதிய போனிலும் லொகேஷனையே எதிர்பார்க்கும், எனவே தேடும்போது இரண்டையும் கொடுத்துவிடுவது நல்லது. இணைந்த பிறகு லொகேஷனை ‘செயலியைப் பயன்படுத்தும்போது மட்டும்’ என்று குறைத்துக்கொள்ளலாம்.

ஆண்ட்ராய்டு 11 முதல் இன்னொரு வேலையும் நடக்கிறது. சில மாதங்கள் திறக்காத செயலியின் அனுமதிகளைப் போன் தானாகவே திரும்ப எடுத்துக்கொள்ளும். வாட்ச் செயலியை யார் தினம் திறக்கிறார்கள்? நன்றாக ஓடிக்கொண்டிருந்த வாட்ச் ஒரு நாள் காரணமில்லாமல் நின்றால் இதைப் பாருங்கள். செயலியின் ‘ஆப் இன்ஃபோ’ பக்கத்தில், பயன்படுத்தாவிட்டால் நிறுத்திவைப்பது பற்றிய ஸ்விட்ச் இருக்கும். அதை அணைத்துவிடுங்கள்.

ரேடியோவா, செயலியா? ஐந்து நிமிடச் சோதனை

இதுவரை செய்தும் வாட்ச் தெரியவில்லை என்றால் ஊகிப்பதை நிறுத்திவிட்டு அளந்து பார்க்கலாம். நார்டிக் செமிகண்டக்டர் நிறுவனத்தின் ‘என்ஆர்எஃப் கனெக்ட்’ என்ற செயலி இலவசம், ஆண்ட்ராய்டிலும் ஐபோனிலும் கிடைக்கும். அதைத் திறந்து ஸ்கேன் கொடுத்தால் சுற்றிலும் அறிவித்துக்கொண்டிருக்கும் எல்லா லோ எனர்ஜி கருவிகளும், ஒவ்வொன்றின் சிக்னல் வலுவும் வரும்.

வாட்ச்சைப் போன் பக்கத்தில் வையுங்கள். அதன் பெயர் -40 முதல் -60 டிபிஎம் (சிக்னல் வலுவின் அளவு, பூஜ்யத்தை நெருங்க நெருங்க வலு அதிகம்) வரை காட்டினால் ரேடியோ நலம், குற்றவாளி செயலியோ சாவியோதான். பக்கத்தில் வைத்தும் -90ஐ ஒட்டிக் காட்டினால் வாட்ச்சின் ஆன்டெனாவில் கோளாறு இருக்க வாய்ப்பு அதிகம். பெயரே வராவிட்டால் வாட்ச் வேறு எதனோடோ இணைந்திருக்கிறது, அல்லது அதன் புளூடூத் அணைந்திருக்கிறது. இன்னொரு போனிலும் இதே சோதனையைச் செய்யுங்கள். அதில் தெரிந்து உங்கள் போனில் தெரியாவிட்டால் பிரச்சினை உங்கள் போனில். சோதனை மட்டும் போதும். அந்தச் செயலியில் ‘கனெக்ட்’ பட்டனைத் தொட்டால் அதுவே வாட்ச்சைப் பிடித்துக்கொள்ளும்.

சாவி மாறிப்போனால்: மூன்று இடத்திலும் நீக்க வேண்டும்

பெயர் தெரிகிறது, தொட்டால் தோற்கிறது. அல்லது இணைந்த நொடியே அறுகிறது. ஒரு பக்கம் சாவி அழிந்து மறுபக்கம் இருந்தால் நடப்பது இது. பூட்டை மாற்றிய வீட்டு வாசலில் பழைய சாவியோடு நிற்கிற கதைதான். வாட்ச்சை ரீசெட் செய்தாலும், போனை ரீசெட் செய்தாலும், சில நேரம் மென்பொருள் அப்டேட்டுக்குப் பிறகும் இது நேரும்.

வரிசை மாறாமல் செய்யுங்கள்.

1. செயலியில் வாட்ச்சை ‘அன்பைண்ட்’ அல்லது ‘ரிமூவ்’ செய்யுங்கள். இன்டர்நெட் இருக்கும்போதே செய்ய வேண்டும்.
2. போனின் புளூடூத் பட்டியலில் வாட்ச்சின் பெயரில் உள்ள எல்லாவற்றையும் ‘ஃபர்கெட்’ செய்யுங்கள். கால் பேசும் வாட்ச்களுக்கு இரண்டு பெயர்கள் இருக்கலாம்.
3. வாட்ச்சில் ரீசெட் கொடுங்கள், அல்லது வாட்ச்சின் மெனுவில் போனை நீக்கும் வசதி இருந்தால் அது போதும்.
4. ஆண்ட்ராய்டில் ஆப்ஸ் பட்டியலில் சிஸ்டம் செயலிகளைக் காட்டச் சொல்லி, ‘புளூடூத்’ என்பதைத் தேடி, அதன் ‘கேஷ்’ (தற்காலிகமாகச் சேமித்த தகவல்) மட்டும் அழியுங்கள். சில போன்களில் இது மறைந்திருக்கும், இல்லாவிட்டால் விட்டுவிடுங்கள்.
5. போனை ரீஸ்டார்ட் செய்து, செயலி வழியாகப் புதிதாக இணையுங்கள்.

நான்காவது எதற்கு? வாட்ச்சில் என்னென்ன சேவைகள் இருக்கின்றன என்ற பட்டியலை ஆண்ட்ராய்டு ஒருமுறை படித்துச் சேமித்து வைத்துக்கொள்ளும். வாட்ச்சின் மென்பொருள் அப்டேட்டில் அந்தப் பட்டியல் மாறியிருந்தால், போன் பழைய பட்டியலையே வைத்துத் தடுமாறும். ‘கனெக்டட்’ என்று காட்டும், அடிகள் எண்ணிக்கையோ இதயத் துடிப்போ வராது.

இதற்கும் மசியாவிட்டால் போனின் நெட்வொர்க் செட்டிங்ஸை ரீசெட் செய்யலாம். ஆண்ட்ராய்டில் ‘ரீசெட் ஆப்ஷன்ஸ்’ பகுதியில் புளூடூத், வைஃபை ரீசெட் இருக்கும். ஐபோனில் செட்டிங்ஸ், ஜெனரல், ‘டிரான்ஸ்ஃபர் ஆர் ரீசெட் ஐபோன்’, ரீசெட், ‘ரீசெட் நெட்வொர்க் செட்டிங்ஸ்’. சேமித்த வைஃபை பாஸ்வேர்டுகள் எல்லாம் போய்விடும், முன்பே எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

கணக்கு தடுக்கிறதா?

அமேஸ்ஃபிட் வாட்ச்களின் ஸெப் செயலியிலும், ஷாவ்மியின் மி ஃபிட்னஸ் செயலியிலும் வாட்ச் போனோடு மட்டுமல்ல, கணக்கோடும் கட்டப்படுகிறது. பழைய கணக்கில் ‘அன்பைண்ட்’ செய்யாத வாட்ச்சைப் புதிய கணக்கு ஏற்காது. வாட்ச்சில் என்ன ரீசெட் போட்டாலும் அந்தக் கட்டு சர்வரில் இருக்கும். பழைய ஜிமெயிலில் கணக்கு திறந்தது நினைவுக்கு வராமல், இரண்டாவது கணக்கு ஒன்றைத் திறந்து மாட்டிக்கொள்பவர்கள் உண்டு. முதலில் பழைய மின்னஞ்சலில் பாஸ்வேர்டு மீட்டெடுக்கும் மெயில் வருகிறதா பாருங்கள்.

இணைக்கும் நேரத்தில் விபிஎன், விளம்பரம் தடுக்கும் செயலி, ‘பிரைவேட் டிஎன்எஸ்’ ஆகியவை இயங்கினால் அணைத்துவிடுங்கள். செயலி சர்வரை எட்ட முடியாமல் போனால் அதைத் தெளிவாகச் சொல்லாமல் ‘பேரிங் ஃபெயில்ட்’ என்று மட்டும் காட்டும். பயன்படுத்துபவரோ புளூடூத்தைக் குற்றம் சொல்லிக்கொண்டிருப்பார்.

இணைந்து இணைந்து அறுகிறது

காலையில் எழுந்து பார்த்தால் வாட்ச் துண்டித்திருக்கிறது, செயலியைத் திறந்ததும் இணைந்துவிடுகிறது. இந்த இரண்டும் சேர்ந்து வந்தால் சந்தேகமே வேண்டாம், பேட்டரியைச் சேமிக்கிறேன் என்று போன் செயலியைக் கொன்றுவிடுகிறது. மெனுக்களின் பெயர் பதிப்புக்குப் பதிப்பு கொஞ்சம் மாறினாலும் இடம் ஏறக்குறைய இதுதான்.

சாம்சங்: பேட்டரி பகுதியில் ‘பேக்ரவுண்ட் யூசேஜ் லிமிட்ஸ்’. வாட்ச் செயலி ‘ஸ்லீப்பிங்’, ‘டீப் ஸ்லீப்பிங்’ பட்டியல்களில் இருந்தால் எடுத்து, ஒருபோதும் தூங்கக் கூடாத செயலிகள் பட்டியலில் சேருங்கள். சாம்சங் வாட்ச்சை வேறு பிராண்டு போனில் பயன்படுத்தினால் சாம்சங்கின் வாட்ச் செயலியான கேலக்ஸி வேரபிள் மட்டுமல்ல, அதோடு வரும் வாட்ச் பிளகின் செயலிக்கும் இதே விலக்கு வேண்டும்.

ஷாவ்மி, ரெட்மி, போகோ: ஆப் இன்ஃபோவில் ‘ஆட்டோஸ்டார்ட்’ போட்டு, ‘பேட்டரி சேவர்’ என்பதை ‘நோ ரெஸ்ட்ரிக்ஷன்ஸ்’ ஆக்குங்கள். இரண்டில் ஒன்றை மட்டும் செய்தால் பயனில்லை.

ஓப்போ, ரியல்மி, ஒன்பிளஸ்: ஆப் இன்ஃபோவில் பேட்டரி பகுதிக்குப் போய், பின்னணியில் இயங்கவும் தானாகத் தொடங்கவும் அனுமதி கொடுங்கள்.

விவோ: பேட்டரி செட்டிங்ஸில் பின்னணி மின்செலவு மேலாண்மை என்ற பகுதியில் செயலியைத் தேடிக் கட்டுப்பாட்டை நீக்குங்கள், ஆட்டோஸ்டார்ட்டும் தனியாகப் போடுங்கள்.

எல்லா ஆண்ட்ராய்டிலும், சமீபத்திய செயலிகள் திரையில் வாட்ச் செயலியைப் பூட்டி வைக்கும் வசதி இருந்தால் பூட்டுங்கள். செயலி காட்டும் நிரந்தர நோட்டிஃபிகேஷனை எரிச்சலில் அணைக்க வேண்டாம், அதைக் காட்டிக்கொண்டிருப்பதால்தான் ஆண்ட்ராய்டு செயலியை உயிரோடு விட்டுவைக்கிறது.

ஐபோனில் பழக்கம்தான் எதிரி. திறந்த செயலிகளை எல்லாம் மேலே தள்ளி மூடுகிறவர் வாட்ச் செயலியையும் சேர்த்து மூடிவிடுவார். அப்படிக் கையால் மூடிய செயலியை புளூடூத் நிகழ்வுக்காக ஐஓஎஸ் பின்னணியில் எழுப்பாது, நீங்களே மறுபடி திறக்கும் வரை சிங்க் நின்றுவிடும்.

பேட்டரி அமைப்பு சரியாக இருந்தும் நடக்கும்போது மட்டும் அறுகிறது என்றால் உடம்பே தடையாக இருக்கலாம். புளூடூத் இயங்கும் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலையை நீர் உறிஞ்சும், மனித உடலில் பெரும்பகுதி நீர்தான். இடது கையில் வாட்ச், வலது பின் பாக்கெட்டில் போன் என்றால் சிக்னல் உடம்பைச் சுற்றித்தான் போக வேண்டும். போனை இடப்பக்கம் மாற்றிப் பாருங்கள். மைக்ரோவேவ் அடுப்பும், மேசையில் செருகிய யுஎஸ்பி 3 ஹார்ட் டிஸ்க்கும் இதே அலைவரிசையில் இரைச்சல் எழுப்பும்.

இணைப்பு இருக்கிறது, நோட்டிஃபிகேஷன் இல்லை

ஆண்ட்ராய்டில் வாட்ச் செயலி மற்ற செயலிகளின் நோட்டிஃபிகேஷன்களைப் படித்துத்தான் வாட்ச்சுக்கு அனுப்புகிறது. அதற்குச் சிறப்பு அனுமதி வேண்டும்: செட்டிங்ஸ், ஆப்ஸ், ‘ஸ்பெஷல் ஆப் ஆக்சஸ்’, ‘நோட்டிஃபிகேஷன் ஆக்சஸ்’. அங்கே வாட்ச் செயலியின் ஸ்விட்ச் எரிய வேண்டும். எரிந்தும் வரவில்லையா? ஸ்விட்சை அணைத்து, போனை ரீஸ்டார்ட் செய்து, ஸ்விட்சை மறுபடி போடுங்கள். செயலி அப்டேட் ஆன பிறகு அனுமதி இருப்பதாகக் காட்டிக்கொண்டே உள்ளுக்குள் தொடர்பு விட்டுப்போவது ஆண்ட்ராய்டில் அடிக்கடி நடப்பது.

ஸ்விட்ச் மங்கலாக இருந்து, தொட்டால் ‘ரெஸ்ட்ரிக்டட் செட்டிங்’ என்று வந்தால், செயலியை ஸ்டோருக்கு வெளியே இருந்து ஏபிகேயாகப் போட்டிருக்கிறீர்கள். ஆண்ட்ராய்டு 13 முதல் இந்தத் தடை உண்டு. அதே செயலி பிளே ஸ்டோரில் இருந்தால் நீக்கிவிட்டு அங்கிருந்து போடுவதுதான் சிறந்தது. இல்லையென்றால், செயலியை முழுதாக நம்பினால் மட்டும், ஆப் இன்ஃபோ பக்கத்தில் மேல் வலது மூலையில் உள்ள மூன்று புள்ளியைத் தொட்டு ‘அலவ் ரெஸ்ட்ரிக்டட் செட்டிங்ஸ்’ கொடுங்கள். உங்கள் ஓடிபி உட்பட எல்லா மெசேஜையும் படிக்கும் உரிமை அது என்பதை மறக்க வேண்டாம்.

ஓடிபி என்றதும் ஒன்று. ஆண்ட்ராய்டு 15க்கு மாறிய பிறகு, வாட்ச்சில் ஓடிபி வர வேண்டிய இடத்தில் உள்ளடக்கம் மறைக்கப்பட்டதாக வருகிறது என்றால் வாட்ச் பழுதில்லை. முறைப்படி துணைக் கருவிச் செயலியாகப் பதிவாகாத செயலிகளிடமிருந்து ஓடிபியைப் போனே மறைக்கிறது. அது இருக்கட்டும், நல்லதுதான்.

பிறகு வாட்ச் செயலிக்குள் போய் வாட்ஸ்அப், மெசேஜஸ் என்று தனித்தனி ஸ்விட்ச்கள் போடப்பட்டுள்ளனவா பாருங்கள். வாட்ச்சின் ‘டு நாட் டிஸ்டர்ப்’ நிலா குறியும், சில செயலிகளில் உள்ள, போன் திரை எரியும்போது அனுப்பாதே என்ற அமைப்பும் போடப்பட்டிருந்தால் நோட்டிஃபிகேஷன் வராது. வாட்ஸ்அப் மட்டும் வரவில்லை என்றால் அந்த உரையாடலை ‘மியூட்’ செய்திருக்கிறீர்களா என்றும் ஒரு பார்வை.

ஐபோனும் பிற நிறுவன வாட்ச்சும்: செட்டிங்ஸ், புளூடூத், வாட்ச்சின் பெயருக்குப் பக்கத்தில் ‘ஐ’. அங்கே ‘ஷேர் சிஸ்டம் நோட்டிஃபிகேஷன்ஸ்’ எரிய வேண்டும். அந்த வரியே இல்லையென்றால் இணைக்கும்போது வந்த அனுமதியை மறுத்திருக்கிறீர்கள், ஃபர்கெட் செய்து மறுபடி இணைப்பதே வழி. நோட்டிஃபிகேஷன்ஸ் பகுதியில் ‘ஷோ பிரிவ்யூஸ்’ என்பதை ‘ஆல்வேஸ்’ ஆக்காவிட்டால் மெசேஜ் வந்தது தெரியும், உள்ளே என்ன என்று தெரியாமல் போகலாம்.

ஆப்பிள் வாட்ச்சில் இயல்பே வேறு. ஐபோன் திறந்து கையில் இருந்தால் நோட்டிஃபிகேஷன் போனுக்கு மட்டும் வரும். போன் பூட்டியிருந்து, வாட்ச் கையில் பூட்டு திறந்த நிலையில் இருந்தால் வாட்ச்சுக்கு வரும். போனைக் கையில் வைத்துக்கொண்டு ‘வாட்ச்சில் வரவில்லையே’ என்று சோதிப்பதால் பலர் வீணாக அன்பேர் செய்கிறார்கள்.

கால் பேசும் வாட்ச்சில் இரண்டு இணைப்பு

குறைந்த விலை ‘புளூடூத் காலிங்’ வாட்ச்களில் தகவலுக்கு லோ எனர்ஜி இணைப்பு, குரலுக்கு வழக்கமான புளூடூத் இணைப்பு என இரண்டு தனித்தனி. செயலியில் இணைத்ததோடு நிறுத்தினால் இரண்டாவது நடக்காது. வாட்ச்சில் கால் அல்லது ஆடியோ ஸ்விட்சைப் போட்டுவிட்டு, இந்த ஒரு முறை மட்டும் போனின் புளூடூத் பட்டியலுக்குப் போய் வாட்ச்சின் ஆடியோ பெயரைத் தொட்டு இணையுங்கள். சில மாடல்கள் தாங்களே கேட்கும்.

அழைப்பவர் பெயருக்குப் பதில் எண் மட்டும் வந்தால் புளூடூத் பட்டியலில் வாட்ச்சின் ஆடியோ பெயருக்கான விவரப் பக்கத்தில் தொடர்புகளைப் பகிரும் அனுமதியைக் கொடுங்கள். பாட்டு போட்டால் வாட்ச்சின் குட்டி ஸ்பீக்கரில் கத்துகிறதென்றால் அதே பக்கத்தில் ‘மீடியா ஆடியோ’வை அணைத்து, கால் ஸ்விட்சை மட்டும் விட்டுவையுங்கள்.

போன் மாற்றும்போது

ஆப்பிள் வாட்ச்சை எப்போதும் ஐபோனின் வாட்ச் செயலி வழியாகவே பிரியுங்கள்: ‘ஆல் வாட்சஸ்’, ‘ஐ’ குறி, ‘அன்பேர் ஆப்பிள் வாட்ச்’. பிரிக்கும்போது வாட்ச்சின் பேக்கப் ஐபோனில் சேரும், கணக்குப் பாஸ்வேர்டு கொடுத்ததும் ஆக்டிவேஷன் லாக்கும் (வாட்ச்சை உரிமையாளரின் கணக்கோடு பூட்டும் வசதி) நீங்கும். வாட்ச்சிலிருந்தே அழித்தால் லாக் அப்படியே இருக்கும். இணைப்பு பாதியில் உறைந்துவிட்டால் பக்கவாட்டு பட்டனையும் கிரவுனையும் (சுழலும் திருகு) ஒன்றாக 10 நொடியாவது அழுத்தி, ஆப்பிள் சின்னம் வரும்வரை விடாதீர்கள்.

கூகுளின் வாட்ச் மென்பொருளான வேர் ஓஎஸ் ஓடும் வாட்ச்களில் போன் மாறினால் ரீசெட் கட்டாயம் என்பதே நீண்ட கால விதி. 2023இல் வந்த வேர் ஓஎஸ் 4 முதல் ரீசெட் இல்லாமல் புதிய போனுக்கு மாற்றும் வசதி உண்டு. வாட்ச்சின் செட்டிங்ஸில் அந்தத் தேர்வு இருக்கிறதா என்று முதலில் தேடிவிட்டு, இல்லாவிட்டால் மட்டும் ரீசெட்டுக்குப் போங்கள்.

மென்பொருள் அப்டேட் நடக்கும்போது இரண்டையும் பக்கத்தில் வைத்து, செயலியைத் திரையில் திறந்தபடியே விடுங்கள். ஆப்பிள் வாட்ச் என்றால் சார்ஜரில் இருந்தபடி 50 சதவீதமாவது இருக்க வேண்டும். பாதியில் நின்ற அப்டேட்டுக்கு வாட்ச்சைச் சார்ஜரில் போட்டு, செயலியை மறுபடி திறந்தால் பல மாடல்கள் விட்ட இடத்திலிருந்து அல்லது முதலிலிருந்து தொடரும்.

சர்வீஸ் சென்டருக்கு எப்போது?

இரண்டு வெவ்வேறு போன்களில் சரியான செயலியோடு தோற்றால், ஸ்கேன் சோதனையில் பெயர் வராவிட்டால் அல்லது பக்கத்திலேயே -90 காட்டினால், நீரில் நனைந்த பிறகு சிக்கல் தொடங்கியிருந்தால், கொண்டுபோங்கள். போகும்போது பில், வாட்ச்சின் மென்பொருள் பதிப்பு, போன் மாடலும் ஆண்ட்ராய்டு அல்லது ஐஓஎஸ் பதிப்பும், தோற்கும் திரையின் ஒரு ஸ்கிரீன்ஷாட் கைவசம் இருந்தால், உங்கள் கண்முன் மறுபடி ஒரு ரீசெட் போட்டுத் திருப்பிக் கொடுப்பதைத் தவிர்க்கலாம்.

பழைய வாட்ச் வாங்குகிறவர்கள் பணம் கொடுப்பதற்கு முன், விற்பவர் முன்னிலையில் அவர் கணக்கிலிருந்து நீக்கச் சொல்லி, உங்கள் போனில் முழுதாக இணைத்துப் பாருங்கள். ஆப்பிள் வாட்ச் அமைப்பின்போது வேறொருவரின் கணக்கு மின்னஞ்சலைக் கேட்டால் லாக் இன்னும் நீங்கவில்லை. விற்பவர் தன் ஐக்ளவுடில் நுழைந்து ‘ஃபைண்ட் டிவைசஸ்’ பட்டியலிலிருந்து அந்த வாட்ச்சை நீக்க வேண்டும், அதை அவரால் வேறு ஊரிலிருந்தும் செய்ய முடியும்.